ஒரு முழத் தூரத்துப் புகை

புகையை வைத்தே புற்றுத் திசுவை அடையாளம் காணும் அறுவைக் கத்தி ஒன்றை 2013-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஸோல்டான் டாகாட்ஸ் தலைமையிலான குழு உருவாக்கிக் காட்டியது. மின்கத்தி பட்ட இடத்தில் எழும் புகையை ஒரு குழாய் உறிஞ்சி, பக்கத்தில் இருக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குக் கொண்டுபோகும். 302 நோயாளிகளின் திசுக்களைச் சுட்டுச் சேர்த்து வைத்திருந்த பதிவுகளோடு அதை ஒப்பிட்டு, இப்போது கத்தி இருப்பது கட்டிக்குள்ளா வெளியிலா என்று கருவி சில நொடிகளில் சொல்லிவிடும். செய்தி வந்தபோது எல்லோரும் கருவியைப் பாராட்டினார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தச் செய்திக்குள் இன்னொரு செய்தியும் இருந்தது. ஈரலின் புகை வேறு, நுரையீரலின் புகை வேறு, புற்றின் புகை வேறு என்று பிரித்தறியும் அளவுக்கு அந்தப் புகையில் வேதிப்பொருள்கள் செறிந்திருக்கின்றன. குழாய்க்குள் போன பங்கு நோயறிய உதவியது. போகாத மிச்சம் மேசையைச் சுற்றி நின்றவர்களின் மூக்குக்குப் போனது.

இந்தப் புகை எவ்வளவு கெடுதல் என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் உள்ளன. அறுவை அரங்கில் ஒருநாள் நிற்பது 30 சிகரெட் பிடிப்பதற்குச் சமம் என்பது ஒன்று. அறைக்காற்றை அளந்து பார்த்தாயிற்று, எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டுமே அளவுகோலைத் தவறான இடத்தில் வைக்கின்றன. முதல் பதில், அறையில் உண்டான புகை முழுவதையும் ஒரே ஆளின் மூச்சில் ஏற்றிவிடுகிறது. இரண்டாவது, அதே புகையை அறையின் மூலைமுடுக்குக்கெல்லாம் சமமாகப் பங்கிட்டுவிட்டுக் கணக்கை முடிக்கிறது. குனிந்து அறுக்கும் மருத்துவரின் முகத்துக்கும் நோயாளியின் திறந்த உடலுக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய ஒரு முழம். அளக்க வேண்டியது அந்த ஒரு முழத்தில்தான். தடுக்க வேண்டியதும் அங்கேதான்.

கத்தியும் நெருப்பும் மருத்துவத்துக்கு நெடுங்காலக் கூட்டாளிகள். சுஸ்ருத சம்ஹிதை சூட்டு மருத்துவத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்குகிறது. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் சுட்டிகையும் ஒன்று. மருத்துவர் அறுப்பதும் சுடுவதும் பெருமாள் திருமொழியில் குலசேகர ஆழ்வாருக்குப் பக்தியைச் சொல்லும் உவமையாகவே அமைந்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்துச் சூடு எப்போதோ ஒருமுறை, ஓர் இடத்தில் போடப்பட்டது. அறுவையின் தொடக்கம் முதல் தையல் வரை சுட்டுக்கொண்டே போகும் பழக்கம் வந்து நூறு ஆண்டுதான் ஆகிறது. 1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில், நரம்பியல் அறுவை நிபுணர் ஹார்வி குஷிங், வில்லியம் போவி வடிவமைத்த மின்கருவியைக் கையில் எடுத்தார். சில நாள் முன்பு ரத்தப்போக்கு மிகுந்ததால் பாதியில் கைவிட்டிருந்த மண்டை ஓட்டுக் கட்டியை அன்று முழுவதும் அகற்றினார். போவி தன் காப்புரிமையை ஒரே ஒரு டாலருக்கு விற்றதாகச் சொல்வார்கள். அமெரிக்க அறுவை அரங்குகளில் இன்றும் கருவிக்கு அவர் பெயர்தான். நம் ஊரில் அது ‘காட்டரி’ அல்லது ‘டயத்தெர்மி’. காட்டரி என்பது கறாராகப் பார்த்தால் பிழையான பெயர். பழைய காட்டரியில் சுடுவது பழுக்கக் காய்ச்சிய உலோகம். இதிலோ உலோக முனை வெறும் வாசல். நொடிக்குச் சில லட்சம் தடவை திசை மாறும் மின்சாரம் திசுவுக்குள் புகுந்து, திசுவைத் தன் சூட்டிலேயே வேகவைக்கிறது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அது தசையைத் துடிக்கவைத்து ஆளைக் கொல்லும். சுழற்சி லட்சக்கணக்கில் ஏறும்போது நரம்பும் தசையும் அதை உணர்வதில்லை, சூடு மட்டும் மிஞ்சுகிறது.

அந்தச் சூட்டில் நடப்பது சமையலறை வேதியியல்தான், கொஞ்சம் வேகமாக. சுமார் 60 டிகிரியில் புரதம் உறைகிறது, முட்டையின் வெள்ளைக்கரு வெளுப்பது போல. நூறு டிகிரியில் உயிரணுவுக்குள் இருக்கும் நீர் கொதித்து, சவ்வு வெடிக்கிறது; மின்கத்தி ‘வெட்டுவது’ இப்படித்தான். சூடு 200 டிகிரியைத் தாண்டினால் எஞ்சியது கருகத் தொடங்குகிறது. எழும் புகையில் சுமார் 95 விழுக்காடு நீராவி. இந்த எண்ணை ஆறுதலாகச் சொல்பவர்கள் உண்டு. சிகரெட் புகையிலும் பெரும்பங்கு வெறும் காற்றுதான் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். விஷயம் மீதி ஐந்தில் இருக்கிறது. அந்த ஐந்தில் இதுவரை அடையாளம் காணப்பட்ட பொருள்களின் பட்டியல் நீளமானது: பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன், ஸ்டைரீன், ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின், ஹைட்ரஜன் சயனைடு, அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஃபீனால், கிரெசால், கார்பன் மோனாக்சைடு, பல வளையங்கள் ஒட்டிய நறுமண ஹைட்ரோகார்பன்கள். இவற்றில் பென்சீன், ஃபார்மால்டிஹைடு, பியூட்டாடையீன் மூன்றையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்று தரும் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. 2024-இல் அக்ரிலோநைட்ரைலும் அந்த வகுப்பில் சேர்ந்துகொண்டது.

பெட்ரோல் பங்க்கிலும் பெயின்ட் கடையிலும் இருக்க வேண்டிய இந்தப் பொருள்கள் மனித உடலுக்குள் எப்படி வந்தன என்று வியக்க வேண்டியதில்லை. அவை உள்ளே இல்லை; சூட்டில் பிறக்கின்றன. புரதத்தின் செங்கற்களில் ஒன்றான ஃபீனைல் அலனினில் ஒரு பென்சீன் வளையம் இருக்கிறது. அது கருகும்போது வளையம் பிய்ந்து டொலுவீனாகவும் ஸ்டைரீனாகவும் வெளியேறுகிறது. டைரோசின் கருகினால் ஃபீனாலும் கிரெசாலும். டிரிப்டோஃபேன் கருகினால் இண்டோல். புரதத்தில் இருக்கும் நைட்ரஜன் சூட்டில் கார்பனோடு கூடி சயனைடு, நைட்ரைல் வகைகளாகிறது. அறுவை அரங்கின் அந்தத் தனி வாடையில் இவற்றுக்கெல்லாம் பங்குண்டு. கொழுப்பின் கதை வேறு. கொழுப்பு உடைந்தால் கிளிசரால் வருகிறது, கிளிசரால் நீரை இழந்தால் அக்ரோலின் ஆகிறது. தாளிக்க வைத்த எண்ணெய் அதிகம் காய்ந்து புகையும்போது கண் கரிக்கிறதே, அந்தக் கரிப்பின் பெயர்தான் அக்ரோலின். ஆகவே எந்தத் திசு வெட்டப்படுகிறது என்பதைப் பொறுத்துப் புகையின் சேர்மானமும் மாறும். 2007-இல் அயர்லாந்து மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு இதை நேரடியாகவே காட்டியது: தோலைச் சுட்ட புகையில் டொலுவீன், சைலீன் வகையறா அதிகம், கொழுப்பைச் சுட்ட புகையில் ஆல்டிஹைடுகள் அதிகம். லண்டன் கத்தி புற்றைக் கண்டுபிடிப்பதற்குப் பின்னால் இருப்பதும் இதே நியதிதான். திசுவுக்குத் திசு கட்டுமானம் வேறு, ஆகவே புகையும் வேறு.

வாயுக்களோடு துகள்களும் சேர்ந்து வருகின்றன. மின்கத்திப் புகையின் துகள் சராசரியாக 0.07 மைக்ரான், தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. லேசர் புகையின் துகள் சுமார் 0.3 மைக்ரான். மூக்கின் முடியும் தொண்டையின் ஈரமும் பெரிய தூசியைத்தான் பிடிக்கும். இவ்வளவு சிறியவை நுரையீரலின் கடைசி நுண்ணறை வரை இறங்கும், மேலே ஒட்டியிருக்கும் கரிமப் பொருள்களையும் சுமந்துகொண்டு.

இனி அந்த 30 சிகரெட். இதற்கு மூலம் 1981-இல் ஜப்பானில் நடந்த ஆய்வு. டொமிடாவும் சக ஆய்வாளர்களும் நாயின் நாக்குத் திசுவைச் சுட்டு, புகையைத் திரட்டி, பாக்டீரியாவின் மரபணுவில் அது எவ்வளவு பிறழ்வை உண்டாக்குகிறது என்று பார்த்தார்கள். ஒரு கிராம் திசுவை லேசரால் சுட்ட புகை மூன்று சிகரெட்டுக்கும், மின்கருவியால் சுட்ட புகை ஆறு சிகரெட்டுக்கும் சமமாக இருந்தது. 2012-இல் பிரிட்டனில் பிளாஸ்டிக் சர்ஜரி அரங்கு ஒன்றில் நாள்தோறும் எவ்வளவு நேரம் மின்கத்தி ஓடுகிறது என்று கணக்கெடுத்து, பழைய விகிதத்தால் பெருக்கி, 27 முதல் 30 சிகரெட் என்ற எண்ணுக்கு வந்தார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் அது அறையில் உண்டான மொத்தப் புகையின் கணக்கு. ஒருவர் உள்ளே இழுத்த புகையின் கணக்கு அல்ல. புகைபிடிப்பவர் சிகரெட்டை வாயில் வைத்து நெஞ்சு நிறைய இழுக்கிறார். அறுவை மருத்துவர் புகையின் ஓரத்தில் நிற்கிறார். பாக்டீரியாவின் மரபணு பிறழ்வதை மனித நோயின் அளவாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. இந்த இரண்டு வேறுபாடுகளும் செய்தித் தலைப்புகளில் காணாமல் போய், ‘நாளொன்றுக்கு 30 சிகரெட் பிடிக்கும் மருத்துவர்கள்’ என்ற வாசகம் மட்டும் நின்றது.

அந்த வாசகம் உண்மையாக இருந்தால் விளைவு கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்று வரும் வாய்ப்பு மற்றவரைவிட 15 முதல் 30 மடங்கு வரை அதிகம். அமெரிக்கச் செவிலியர் நலன் குறித்த நீண்டகால ஆய்வில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தகவலை எடுத்து, அறுவை அரங்கில் வேலை பார்த்த ஆண்டுகளுக்கும் நுரையீரல் புற்றுக்கும் தொடர்பு உண்டா என்று 2007-இல் வெளியான கட்டுரை ஒன்று பார்த்தது. தொடர்பு இல்லை. நெடுங்காலம் அரங்கில் இருந்தவர்களுக்குப் புற்று சற்றுக் குறைவாகவே காணப்பட்டது. நாளுக்கு 30 சிகரெட் என்ற உவமையை இந்த ஒரு முடிவே சாய்த்துவிடுகிறது. புகைக்கு எதிராகப் பேசுபவர்கள் இந்த ஆய்வைச் சொல்லத் தயங்குகிறார்கள், தயங்கக் கூடாது. பொய்யான உவமையை நம்பிக் கட்டிய எச்சரிக்கை, உவமை உடைந்ததும் தானும் உடைந்துபோகும். அப்போது நிஜமான ஆபத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அதே சமயம் அந்த ஆய்வு எதைச் சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அதில் கேட்கப்பட்டது எத்தனை ஆண்டு அரங்கில் வேலை செய்தீர்கள் என்பது. எவ்வளவு புகையைச் சுவாசித்தீர்கள் என்பதல்ல. அரங்குச் செவிலியரில் ஒருவர் மேசையருகே கருவி எடுத்துக் கொடுப்பார், இன்னொருவர் நாலடி தள்ளி அலமாரிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருப்பார். ஆய்வின் பட்டியலில் இருவருக்கும் ஒரே இடம். மருத்துவர்கள் அதில் இல்லவே இல்லை. பார்த்தது நுரையீரல் புற்றை மட்டும். பென்சீனின் பெயர் முதன்மையாகச் சேர்த்துப் பேசப்படுவதோ ரத்தப் புற்றோடு. கண்ணெரிச்சல், தொண்டைக் கரகரப்பு, தலைவலி, குமட்டல், ஆஸ்துமா இருப்பவருக்கு வரும் இழுப்பு ஆகியவை அந்த ஆய்வின் கேள்வியிலேயே இல்லை. இவை புற்றைப் போல இருபது ஆண்டு காத்திருந்து வருவனவும் அல்ல, அன்றன்றைக்கே வருகின்றன. ஆக, ஆய்வு நமக்குத் தரும் நியாயமான முடிவு இதுதான்: சிகரெட் அளவுக்குப் பெரிய நுரையீரல் ஆபத்து இதில் இல்லை. ஆபத்தே இல்லை என்று அது சொல்லவில்லை.

இரண்டாவது தரப்பின் வாதம் இன்னும் நுட்பமானது. அரங்கின் காற்று மணிக்குச் சுமார் 20 தடவை மாற்றப்படுகிறது, அங்கே பென்சீனோ ஃபார்மால்டிஹைடோ தொழிலக வரம்பை எட்டுவதில்லை என்பார்கள். பல அளவீடுகளில் இது உண்மையும்கூட. ஆனால் விறகடுப்பு எரியும் வீட்டில் புகையின் சராசரி எவ்வளவு என்று கேட்டுப் பெற்ற பதிலால் ஊதுகுழலோடு அடுப்பின் முன் குனிந்திருப்பவருக்கு என்ன பயன்? திண்ணையில் இருப்பவருக்கும் அவருக்கும் வீடு ஒன்றுதான், காற்று ஒன்றல்ல. மணிக்கு 20 மாற்றம் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாற்றம் என்றால் பழைய காற்றை மொத்தமாகத் துடைத்தெடுப்பது அல்ல, புதுக்காற்றைக் கலந்து நீர்க்கச் செய்வது. அந்த வேகத்தில் ஒருமுறை எழுந்த புகை நூறில் ஒரு பங்காகக் குறைய 14 நிமிடம் ஆகும். அதற்குள் கத்தி எத்தனை முறை சுட்டிருக்கும்! மின்கத்தி ஓடத் தொடங்கிய ஐந்து நிமிடத்துக்குள் ஒரு கன அடிக் காற்றில் இருந்த துகள்கள் 60 ஆயிரத்திலிருந்து 10 லட்சத்தைத் தொட்டதாகவும், கத்தியை நிறுத்திய பிறகு பழைய நிலைக்குத் திரும்பச் சுமார் 20 நிமிடம் ஆனதாகவும் 1990-களிலேயே அளந்திருக்கிறார்கள். தொழிலக வரம்புகளோ எட்டு மணி நேரச் சராசரியை வைத்து, பொருள் பொருளாகத் தனித்தனியே வகுக்கப்பட்டவை. அரங்குப் புகை விட்டு விட்டு, திடீர் திடீரென, முப்பது பொருள் ஒன்றாகக் கலந்து வருகிறது. வரம்புகளும் நிலையானவை அல்ல. அமெரிக்காவில் பென்சீனுக்கு 1987 வரை பத்து லட்சத்தில் 10 பங்கு அனுமதி. அதன்பின் 1 பங்கு. அந்நாட்டின் தொழில்சார் நலன் ஆய்வு நிறுவனமான நயோஷ் பரிந்துரைப்பதோ அதிலும் பத்தில் ஒன்று.

சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ரோஸ்கோப்பி வந்ததும் புகை அடங்கிவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. வயிற்றுக்குள்ளேயே சுடுவதால் புகை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய வயிற்றில் ஆக்சிஜன் குறைவு. அரைகுறையாக எரியும் திசு கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். திரையில் காட்சி மங்கும்போது குழாயின் வால்வைத் திறந்து புகையை வெளியே விடுவார்கள். அது நேரே பக்கத்தில் நிற்பவரின் முகத்தை நோக்கி, சேர்த்து வைத்த மொத்தமும் ஒரே வீச்சில் வரும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பொது மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டிருப்பதால், அவர் உடலின் புகையைச் சுவாசிக்காத ஒரே ஆள் அந்த அறையில் அவர்தான்.

முகக்கவசம் இருக்கிறதே என்பது அடுத்த சமாதானம். அறுவை முகக்கவசம் மருத்துவரின் எச்சில் துளி நோயாளியின் புண்ணில் விழாமல் தடுக்கப் பிறந்தது. அதன் வேலை வெளியே போவதைப் பிடிப்பது. உள்ளே வருவது கன்னத்தோரத்து இடைவெளி வழியாகத் தாராளமாக வரும். முகத்தோடு சரியாகப் பொருந்திய என்95 துகள்களைப் பெருமளவு நிறுத்தும். வாயுவை அதுவும் நிறுத்தாது. பென்சீன் மூலக்கூறுக்கு முன் எந்தத் துணி வடிகட்டியும் தண்ணீருக்கு முன் மீன்வலை போல. வைரஸ் விஷயத்தில் என்95-க்கு மதிப்பு உண்டு. மருக்களை லேசரால் சுட்ட புகையில் பாப்பிலோமா வைரஸின் மரபணுவை 1988-இல் கண்டுபிடித்தார்கள், 1991-இல் நார்வேயில் அத்தகைய சிகிச்சை செய்துவந்த மருத்துவர் ஒருவரின் குரல்வளையில் அதே வகை வைரஸால் மருக்கள் வந்த செய்தி பதிவானது. வேதிப்பொருளுக்கோ முகக்கவசம் விடையே அல்ல.

ஆக மீதமிருக்கும் எதிர்ப்பு ஒன்றுதான்: நோய் உறுதியாக நிரூபணம் ஆகாதபோது செலவு எதற்கு? இதற்கான பதிலை அதே அறையில், மேசையின் மறுமுனையில் பார்க்கலாம். மயக்க மருந்து வாயுக்கள் ஒருகாலத்தில் அறைக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தன. 1967-இல் சோவியத் ஒன்றியத்தின் வைஸ்மன், மயக்கவியல் மருத்துவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் 31 கர்ப்பங்களில் 18 கலைந்துபோனதாக எழுதினார். தொடர்ந்து அமெரிக்காவிலும் கணக்கெடுப்புகள் நடந்தன. அவற்றில் பலவும் ஞாபகத்தை நம்பியவை, ஒப்பீட்டுக் குழு சரியில்லாதவை என்று பின்னால் கடுமையாக விமர்சிக்கப்பட்டன. ஆனால் விமர்சனம் முடியட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. 1977-இலேயே நயோஷ், நைட்ரஸ் ஆக்சைடுக்குப் பத்து லட்சத்தில் 25 பங்கு, ஹாலோத்தேன் வகைகளுக்கு 2 பங்கு என்று உச்சவரம்பு பரிந்துரைத்தது. இன்று கழிவு வாயுவைக் குழாய் வழியே வெளியேற்றும் ஏற்பாடு நவீன அரங்கின் சாதாரண அங்கம். அதை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. நோயாளியின் தலைமாட்டில் நிற்பவருக்கு அரைகுறைச் சான்று போதுமானதாக இருந்தது. வயிற்றுப் பக்கம் நிற்பவருக்கு மட்டும் முழு நிரூபணம் கேட்பது என்ன நியாயம்? அதிலும் புகையில் இருப்பவை சந்தேகத்துக்குரிய பொருள்கள் அல்ல. பென்சீனும் ஃபார்மால்டிஹைடும் புற்று தருமா என்ற விசாரணை எப்போதோ முடிந்துவிட்டது. நிலுவையில் இருப்பது அளவு பற்றிய கேள்வி மட்டுமே. அளவைக் குறைக்கும் வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அந்தக் கேள்விக்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

வழி என்ன என்பதற்கும் தூரம்தான் விடை. மெழுகுவத்தியை ஒரு முழத் தொலைவிலிருந்து ஊதி அணைத்துவிடலாம். அதே தொலைவிலிருந்து காற்றை உள்ளிழுத்து அணைக்க எவராலும் முடியாது. ஊதும் காற்று ஒரே திசையில் பாய்கிறது. இழுக்கும் காற்று எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் வாயிலிருந்து கொஞ்சம் விலகினாலே வேகம் விழுந்துவிடுகிறது. ஒரு குழாயின் வாய் எவ்வளவு அகலமோ, அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே இழுப்பு வேகம் பத்தில் ஒன்றாகிறது. ஆகவேதான் 1996-இல் நயோஷ் வெளியிட்ட வழிகாட்டுதல், உறிஞ்சியின் வாய் புகை எழும் இடத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள், அதாவது மூன்று விரற்கடைக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வாயில் காற்றின் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 150 அடி. ஒரு முழத்தை மூன்று விரற்கடையில் மறிப்பதுதான் முழுத் தொழில்நுட்பமும். உறிஞ்சப்பட்ட புகை நுண்வடிகட்டி வழியாகவும் பிறகு கரி வழியாகவும் போக வேண்டும். துகளைப் பிடிப்பது வடிகட்டி. வாயுவையும் வாடையையும் பிடிப்பது கரி. கரி நிறைந்துவிட்டால் இயந்திரம் ஓடும், வாயு அறைக்கே திரும்பும். மாற்ற வேண்டிய நாளில் மாற்றாத கரி, இல்லாத கரிக்குச் சமம். சுவரில் இருக்கும் சக்‌ஷன் போதாதா என்றால், அது ரத்தத்தையும் நீரையும் இழுக்க அமைந்தது. நிமிடத்துக்கு 5 கன அடிக்கும் குறைந்த காற்றைத்தான் இழுக்கும். சின்னப் புகைக்குச் சரி, பெரிய அறுவைக்குப் போதாது.

மருத்துவர்களின் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. உறிஞ்சி இரைகிறது, கவனம் சிதறும் இரைச்சல் அரங்கில் தானே ஓர் ஆபத்து. குழாய் கோத்த கத்திப் பிடி கனக்கிறது, நுண்ணிய வேலையில் கை தடுமாறும். ஒருமுறை பயன்படுத்தும் பிடிக்கும் வடிகட்டிக்கும் ஆகும் செலவு கடைசியில் நோயாளியின் பில்லில் ஏறும். இவற்றில் முதலிரண்டும் பொறியியலின் குறைகள். புதிய கருவிகளில் குறைந்து வருகின்றன. செலவு உண்மைதான். அதனால்தான் காசில்லாமல் செய்யக்கூடியதை முதலில் செய்ய வேண்டும். மின்திறனைத் தேவைக்கு மேல் ஏற்றாமல் வைக்கலாம். ‘கோயாக்’ முறை அதிக மின்னழுத்தத்தில் பொறி பறக்கச் சுட்டுக் கரியாக்கும். ‘கட்’ முறை போதும் இடத்தில் அதுவே போதும். முனையில் ஒட்டிய கரியை அவ்வப்போது துடைத்தால் அதே கரி மறுபடி மறுபடி வேகாது. உதவியாளரின் கையில் இருக்கும் சக்‌ஷன் முனையைப் புண்ணின் ஓரத்தில் வைக்காமல் கத்தி முனையோடு கூடவே நகர்த்தினால் ஓரளவு புகை அங்கேயே போய்விடும். இவை உறிஞ்சிக்கு மாற்று அல்ல. உறிஞ்சி வரும் வரைக்கும், வந்த பிறகும் செய்ய வேண்டியவை.

தானாகச் செய்வார்கள் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வழிகாட்டுதல் வந்து 15 ஆண்டுக்குப் பிறகு, 2011-இல் நயோஷ் அமெரிக்க மருத்துவப் பணியாளர்களிடம் கேட்டது. லேசர் அறுவையின்போது எப்போதும் உறிஞ்சி பயன்படுகிறது என்றவர்கள் 47 விழுக்காடு. மின்கத்தி அறுவையில் வெறும் 14. லேசருக்கு ஆபத்தான கருவி என்ற பெயர் இருக்கிறது, அதனால் பயமும் ஒழுங்கும் இருக்கின்றன. மின்கத்தி அன்றாடப் பொருளாகிவிட்டது. பழகிய புகை யாருக்கும் புகையாகத் தெரிவதில்லை. கிராம் கணக்கில் பார்த்தால் டொமிடாவின் ஆய்வில் லேசரைப்போல இரு மடங்கு வீரியம் காட்டியது மின்கத்திப் புகைதான் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். 2018-இல் ரோட் ஐலண்ட் மாநிலம் அரங்குப் புகையை உறிஞ்சியே ஆக வேண்டும் என்று அமெரிக்காவிலேயே முதல் சட்டத்தை இயற்றியது. கொலராடோ, கென்டக்கி எனப் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதன் பின்னால் போயிருக்கின்றன. அந்தச் சட்டங்களுக்காகப் பெரிதும் குரல் கொடுத்தவர்கள் அரங்குச் செவிலியர்கள். கத்தி அவர்கள் கையில் இல்லை, எப்போது எவ்வளவு சுடுவது என்ற முடிவும் அவர்களுடையது அல்ல. புகை மட்டும் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு ஆகியவற்றுக்குக் காற்றில் இவ்வளவுதான் என்று வரம்பு வகுத்தது. அதை எழுதியவர்கள் மனதில் இருந்தது ஆலையும் உலையும். அறுவை அரங்கு அல்ல. சட்டம் அரங்குக்குள் நுழையும் வரை காத்திருக்காமல் ஒன்றைச் செய்யலாம். ஒவ்வொரு மருத்துவமனையும், அரசுடையதோ தனியாருடையதோ, புதிய டயத்தெர்மி இயந்திரத்துக்கு டெண்டர் விடும்போது புகை உறிஞ்சியையும் மாற்று வடிகட்டிகளையும் அதே டெண்டரில் கேட்கட்டும். விலைப்புள்ளிகளைப் பார்க்கும் குழுவில் அரங்குச் செவிலியர் ஒருவரும் அரங்கு டெக்னீசியன் ஒருவரும் உட்காரட்டும்.